ரீலோட் செய்தும் வெளியேறாத பழைய செயலி

ஜாவா வலைச்செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் லாக்கில் இரண்டு வரிகள் பல மாதங்களாக என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. செயலி, தரவுத்தளத்தோடு பேச உதவும் ஒரு ஜேடிபிசி டிரைவரைப் பதிவு செய்தது, நிறுத்தப்பட்டபோது அந்தப் பதிவை நீக்கத் தவறியது, நினைவகக் கசிவைத் தடுக்க நானே அதை வலிந்து நீக்கிவிட்டேன் என்று முதல் வரியில் சர்வர் சொல்லியது. சர்வரே நீக்கிவிட்ட பிறகு நமக்கு என்ன கவலை என்று நானும் உடன் பணியாற்றியவர்களும் அதைக் கடந்து போனோம். செயலி ஒரு த்ரெட்டை, அதாவது இணையாக ஓடும் ஒரு வேலைச்சரத்தை, தொடங்கிவிட்டு நிறுத்தாமல் விட்டதாகத் தெரிகிறது, இது கசிவை உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்ற இரண்டாவது வரியை யாரும் முழுதாகப் படித்திருக்கவில்லை. சோதனைச் சர்வரில் செயலியை ஐந்தாறு முறை ரீலோட் செய்ததும், கிளாஸ்களின் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ் என்ற நினைவகப் பகுதி தீர்ந்துவிட்டது என்ற அவுட்ஆஃப்மெமரி பிழை வரும். ஜாவா ப்ராசஸை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். அது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது.

ஒரு நாள், நினைவகத்தில் இருப்பவற்றின் நகலான ஹீப் டம்ப் எடுத்துத் திறந்து பார்த்தபோதுதான், ஒரே செயலியின் ஐந்து பிரதிகள் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அவற்றில் ஒன்று மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தது. மற்ற நான்கும் நாங்கள் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த பழைய செயலிகள்.

இதைப் புரிந்துகொள்ள, ரீலோட் என்ற சொல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டாம்கேட் ஒவ்வொரு வலைச்செயலிக்கும் தனியாக ஒரு கிளாஸ்லோடரை, அதாவது கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதியை, உருவாக்குகிறது. செயலியின் வெப்-இன்ஃப் அடைவிலுள்ள கிளாஸ்களும் ஜார் கோப்புகளும் அதன் வழியாகவே ஏறுகின்றன. ரீலோட் செய்யும்போது சர்வர் பழைய செயலியை நிறுத்தி, அதன் கிளாஸ்லோடரைக் கைவிட்டு, புதிய கிளாஸ்லோடர் ஒன்றைப் படைத்து, எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றுகிறது. கைவிடுதல் என்றுதான் சொல்கிறேன், அழித்தல் என்று சொல்லவில்லை. ஜாவாவில் எதையும் நம் கையால் அழிக்க முடியாது. யாரும் பிடித்திருக்காத ஒன்றைக் குப்பை சேகரிப்பான் தானாக எடுத்துச் செல்லும், அவ்வளவுதான். ஒரு கிளாஸ் நினைவகத்திலிருந்து இறங்க வேண்டுமானால் அதை ஏற்றிய கிளாஸ்லோடரே எட்டமுடியாத நிலைக்குப் போயிருக்க வேண்டும் என்பது ஜாவா மொழி வரையறையிலேயே உள்ள விதி.

சிக்கல் இந்தப் பிடிகளின் சங்கிலியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் கிளாஸைச் சுட்டுகிறது. கிளாஸ் தன்னை ஏற்றிய கிளாஸ்லோடரைச் சுட்டுகிறது. கிளாஸ்லோடரோ தான் ஏற்றிய அத்தனை கிளாஸ்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கிளாஸ்களின் ஸ்டேட்டிக் புலங்களில், அதாவது கிளாஸுக்கே உரிய மாறிகளில், கேஷ்கள், உள்ளமைவுகள், சிங்கிள்டன்கள் என்று செயலியின் பெரும்பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே, பழைய செயலியைச் சேர்ந்த ஒரே ஒரு சிறு ஆப்ஜெக்டை, சில பைட்டுகள் மட்டுமே கொண்ட ஒன்றானாலும், செயலியைவிட நீண்ட ஆயுள் கொண்ட ஏதேனும் ஒன்று வெளியிலிருந்து பிடித்துக்கொண்டால் போதும், ஆயிரக்கணக்கான கிளாஸ்களும் அவற்றின் சுமையும் சேர்ந்து தங்கிவிடும். நாம் வழக்கமாகப் பேசும் கசிவுகள் சொட்டுச் சொட்டாக ஒழுகுபவை. இது ஒவ்வொரு ரீலோடுக்கும் ஒரு முழுச் செயலியையே விட்டுச் செல்வது.

நீண்ட ஆயுள் கொண்டவை யாவை என்று கேட்டால் பட்டியல் அவ்வளவு பெரிதல்ல: ஜாவா நிரல்களை இயக்கும் ஜேவிஎம்மின் சொந்தக் கிளாஸ்கள், சர்வரின் பொது அடைவிலுள்ள நூலகங்கள், ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்கள். நான் பார்த்த கசிவுகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றின் கையில்தான் முடிந்தன.

இடையில் வரலாற்றுக் குறிப்பு ஒன்று. ஜாவா 7 வரை கிளாஸ்களின் விவரங்கள் பெர்ம்ஜென் என்ற அளவு வரையறுக்கப்பட்ட பகுதியில் இருந்தன. அது நிறைந்தால் உடனே பிழை வரும். 2014இல் வெளியான ஜாவா 8 பெர்ம்ஜென்னை நீக்கிவிட்டு, ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ் என்ற பகுதியைக் கொண்டுவந்தது. நாமாக மேக்ஸ்மெட்டாஸ்பேஸ்சைஸ் என்ற அளவைக் கொடுக்காவிட்டால் அதற்கு எல்லை கிடையாது. பெர்ம்ஜென் தொல்லை ஒழிந்தது என்று பலர் அப்போது நிம்மதி அடைந்தனர். ஒழிந்தது பிழைச்செய்தி மட்டுமே. கசிவு அப்படியே இருந்தது. எல்லை இல்லாத மெட்டாஸ்பேஸ் வளர்ந்துகொண்டே போய், இறுதியில் இயக்குதளமே ஜாவா ப்ராசஸைக் கொன்றுவிடும்போது, ஜாவாவின் லாக்கில் ஒரு வரி கூட எஞ்சாது. என்னைக் கேட்டால், சோதனைச் சர்வரில் வேண்டுமென்றே சிறிய எல்லை ஒன்றை வைப்பது நல்லது. கசிவு சீக்கிரம் வெளிப்படும்.

எங்கள் செயலியில் முதலில் அகப்பட்டது த்ரெட். பின்னணிப் பணிகளுக்காக யாரோ, பணிகளைத் த்ரெட்களுக்குப் பகிர்ந்து தரும் ஒரு எக்ஸிகியூட்டர்சர்வீஸை ஸ்டேட்டிக் புலத்தில் படைத்துவிட்டு மறந்துவிட்டிருந்தார். அந்த யாரோ நானாகவே இருந்தேன் என்பது பழைய கமிட்டைத் தேடிப் பார்த்ததும் தெரிந்தது. ஓடும் த்ரெட் என்பது குப்பை சேகரிப்பானின் பார்வையில் ஒரு வேர். அது பிடித்திருப்பது எதுவும் குப்பையாகாது. த்ரெட் ஓட்டும் பணி, அதாவது ரன்னபிள், நம் செயலியின் கிளாஸ். அது போதாதென்று, ஒவ்வொரு த்ரெட்டும் தன்னை உருவாக்கிய த்ரெட்டிடமிருந்து கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் என்ற சுட்டையும் மரபுரிமையாகப் பெறுகிறது. செயலி தொடங்கும் நேரத்தில் உருவாகும் த்ரெட்டுக்கு அது நம் செயலியின் கிளாஸ்லோடராகவே இருக்கும். இதனால், நம் குறியீட்டோடு எந்தத் தொடர்புமில்லாத ஒரு நூலகம் தற்செயலாக அந்த நேரத்தில் த்ரெட்டைத் தொடங்கினாலும் செயலி சிக்கிக்கொள்ளும். ஜாவா 8இன் பொதுவான த்ரெட் தொகுப்பான ஃபோர்க்ஜாயின்பூல் இப்படித்தான் சிக்க வைத்தது. ஜாவா 9 முதல் அந்தப் பூலின் த்ரெட்கள் சிஸ்டம் கிளாஸ்லோடரை எடுத்துக்கொள்கின்றன.

த்ரெட்டை டீமன் ஆக்கிவிட்டேன், ஆகவே கவலையில்லை என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டீமன் என்பதன் பொருள், ஜேவிஎம் முடிவதை அந்தத் த்ரெட் தடுக்காது என்பது மட்டுமே. ரீலோடில் ஜேவிஎம் முடிவதே இல்லை. டீமன் த்ரெட் எந்தக் கூச்சமும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுவதோடு நில்லாமல், கைவிடப்பட்ட கிளாஸ்லோடர் வழியாகப் புதிய கிளாஸ் ஒன்றை ஏற்றவும் முயலும். அப்போது, இந்த வலைச்செயலி ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது, இந்தக் கிளாஸை ஏற்ற முடியாது என்ற செய்தி லாக்கில் வரும். செத்தவர் கதவைத் தட்டுவது போன்ற அந்தச் செய்தியைப் பார்த்தால், எங்கோ ஒரு த்ரெட் நிறுத்தப்படாமல் இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

த்ரெட்டை நிறுத்த வேண்டிய இடம், செயலி நிற்கும்போது சர்வர் அழைக்கும், சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனரின் கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்டு முறை. அதில் எக்ஸிகியூட்டரின் ஷட்டௌனை மட்டும் அழைத்துவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஷட்டௌன் புதிய பணிகளை மறுக்குமே தவிர, நடந்துகொண்டிருப்பவற்றை நிறுத்தாது. சில நொடிகள் அவெய்ட்டெர்மினேஷனில் காத்திருந்து, பிறகும் முடியாவிட்டால் ஷட்டௌன்நௌ அழைத்து, மீண்டும் ஒருமுறை காத்திருக்க வேண்டும். ஷட்டௌன்நௌ கூட இன்டரப்ட் என்ற சைகையை அனுப்புவதோடு சரி. பணிக்குள் இருக்கும் குறியீடு இன்டரப்டடெக்ஸெப்ஷனைப் பிடித்து விழுங்கிவிட்டுச் சுற்றைத் தொடர்ந்தால் ஒன்றும் நடக்காது. எங்கள் குறியீட்டில் அப்படி விழுங்கும் காலி கேட்ச் தொகுதிகள் மூன்று இருந்தன. டாம்கேட்டில் கிளியர்ரெஃபரன்ஸஸ்ஸ்டாப்த்ரெட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் மீதமிருக்கும் த்ரெட்களைச் சர்வரே கொல்ல முயலும். இயல்பில் அது அணைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது: த்ரெட்டை அதன் சம்மதமில்லாமல் நிறுத்துவது, பூட்டுகளைப் பாதியில் விட்டுத் தரவைச் சிதைக்கக்கூடியது. ஜாவா 20 முதல் த்ரெட்டின் ஸ்டாப் முறை வெறும் எக்ஸெப்ஷனை வீசுவதோடு நின்றுவிடுகிறது என்பதால், அந்தக் குறுக்குவழி இனி வழியே அல்ல.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். புதிய பணிகளை உண்டாக்கும் ஷெட்யூலரை முதலில், பணிகளைச் செய்யும் எக்ஸிகியூட்டரை அடுத்து, அவை பயன்படுத்தும் தரவுத்தள கனெக்ஷன் பூலை (திறந்துவைத்த தொடர்புகளின் தொகுப்பை) அதன் பின் என்று போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் பாதியில் நிற்கும் பணிகளெல்லாம் மூடிய கனெக்ஷனைப் பற்றி லாக்கில் ஓலமிடும். பல லிசனர்கள் இருந்தால், தொடங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில்தான் சர்வர் அவற்றின் கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்டு முறைகளை அழைக்கும் என்பது சர்வ்லெட் வரையறை. அதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி மதிப்பை வைக்க உதவும் த்ரெட்லோக்கல்தான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்கள் சர்வரின் பூலைச் சேர்ந்தவை. செயலி போனாலும் அவை போகாது. ஒவ்வொரு த்ரெட்டும் தன்னுள் ஒரு சிறு மேப்பை வைத்திருக்கிறது. அதில் த்ரெட்லோக்கல் ஆப்ஜெக்ட் கீயாகவும், நாம் இட்ட பொருள் வேல்யூவாகவும் இருக்கின்றன. கீ பலவீனமான சுட்டாக, அதாவது வீக்ரெஃபரன்ஸாக, வைக்கப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு, ஜாவாவை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள் என்று நான் நம்பிவிட்டேன். வேல்யூ பலமான சுட்டு என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

சங்கிலியை நிதானமாகத் தொடர்ந்து பாருங்கள். த்ரெட் வேல்யூவைப் பிடித்திருக்கிறது. வேல்யூ நம் செயலியின் கிளாஸைச் சேர்ந்ததென்றால், அது கிளாஸ்லோடரைப் பிடித்திருக்கிறது. கிளாஸ்லோடர், அந்தத் த்ரெட்லோக்கலை ஸ்டேட்டிக் புலத்தில் வைத்திருக்கும் கிளாஸைப் பிடித்திருக்கிறது. அந்த ஸ்டேட்டிக் புலம் கீயைப் பலமாகப் பிடித்திருக்கிறது. ஆக, பலவீனமான சுட்டு விடுபடவே வாய்ப்பில்லை. பாம்பு தன் வாலைத் தானே கவ்விக்கொண்டுவிட்டது. இதே இடத்தில் வேல்யூ ஜாவாவின் சொந்தக் கிளாஸாக இருந்தால், எடுத்துக்காட்டாக எல்லோரும் த்ரெட்லோக்கலில் வைக்கும் சிம்பிள்டேட்ஃபார்மட்டாக இருந்தால், அது நம் கிளாஸ்லோடரைத் தொடுவதில்லை. ஓர் ஆப்ஜெக்ட் சற்று நேரம் தேங்கி நிற்கும், முழுச் செயலியும் தங்காது. எங்கள் செயலியில் இருந்ததோ, உள்நுழைந்த பயனரின் விவரங்களைத் தாங்கும் எங்கள் சொந்தக் கிளாஸ்.

கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்டில் ஒரு ரிமூவ் அழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணி அதையும் செய்து பார்த்தேன். ரிமூவ் என்பது அதை அழைக்கும் த்ரெட்டின் மேப்பை மட்டுமே தொடும். செயலியை நிறுத்துவது வேறொரு த்ரெட். பூலில் காத்திருக்கும் மற்ற த்ரெட்களின் மேப்களை நாம் அங்கிருந்து எட்டவே முடியாது. எனவே சுத்தம் செய்ய வேண்டிய தருணம் செயலியின் முடிவு அல்ல, ஒவ்வொரு கோரிக்கையின் முடிவு. த்ரெட்லோக்கலில் மதிப்பை இடும் ஃபில்டரே, அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து செல்லும் குறியீடே, ட்ரை தொகுதிக்குள் கோரிக்கையை அனுப்பி, ஃபைனலி தொகுதியில் ரிமூவ் அழைக்க வேண்டும். இதில் கிடைக்கும் இன்னொரு பலன், ஒரு பயனரின் விவரம் அதே த்ரெட்டில் வரும் அடுத்த பயனரின் கோரிக்கைக்குக் கசியாமல் இருப்பது. நினைவகத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய அச்சமாகப் பட்டது.

டாம்கேட் 7 முதல் இதற்கு ஒரு பாதுகாப்பு வலை உண்டு. செயலி நிறுத்தப்பட்டதும், த்ரெட்லோக்கல்லீக்ப்ரிவென்ஷன்லிசனர் என்ற பகுதி, பூலிலுள்ள த்ரெட்களை ஒவ்வொன்றாகப் புதியவற்றால் மாற்றச் செய்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் மாறிச் சுமை ஏறாதிருக்க, இயல்பாக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1,000 மில்லிநொடி இடைவெளி விடுகிறது. த்ரெட் பூலுக்குத் திரும்பும்போதுதான் இந்த மாற்றம் நடக்கும் என்பதால், கோரிக்கைகள் வராத சோதனைச் சர்வரில் பழைய த்ரெட்கள் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் டாம்கேட்டின் பூலுக்கு வெளியிலுள்ள த்ரெட்களுக்கு அது உதவாது.

இனி, நாங்கள் அலட்சியம் செய்த அந்த முதல் வரிக்கு வருகிறேன். டிரைவர்களின் பதிவேடான டிரைவர்மேனேஜர் ஜாவாவின் சொந்தக் கிளாஸ். அதில் பதிவாகும் டிரைவர் நம் வெப்-இன்ஃப் அடைவிலிருந்து வந்ததென்றால், சங்கிலி அங்கேயே பூட்டப்பட்டுவிடுகிறது. சர்வர் நீக்கிவிடுவது உண்மைதான். ஆனால் நாமே லிசனரில் நீக்குவது நாகரிகம். அப்படி நீக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டிரைவர்மேனேஜர் தரும் பட்டியலில், சர்வரின் பொது அடைவில் எல்லாச் செயலிகளுக்குமாக வைக்கப்பட்ட டிரைவர்களும் வரும். அவற்றையும் சேர்த்து நீக்கினால் பக்கத்துச் செயலியின் தரவுத்தளத் தொடர்பு அறுந்துவிடும். டிரைவரின் கிளாஸ்லோடர் நம் செயலியின் கிளாஸ்லோடர்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நீக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டிரைவரைப் பயன்படுத்துவோர்க்கு இன்னொரு வேலையும் உண்டு: கைவிடப்பட்ட கனெக்ஷன்களைத் துப்புரவு செய்ய அந்த டிரைவர் தனக்கென்று ஒரு த்ரெட்டைத் தொடங்குகிறது, அதற்கான கிளாஸில் செக்டுஷட்டௌன் என்ற முறையை அழைத்து அதை நிறுத்த வேண்டும். துப்புரவுத் த்ரெட்டே குப்பையாக நிற்பதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் இரண்டாவது எச்சரிக்கை வரி குறிப்பிட்டது இதைத்தான்.

கனெக்ஷன் பூலை நம் செயலியே படைத்திருந்தால் நாமே மூட வேண்டும். ஸ்ப்ரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் பீன் ஆக, அதாவது அதுவே நிர்வகிக்கும் ஆப்ஜெக்டாக, அறிவித்திருந்தால், க்ளோஸ் அல்லது ஷட்டௌன் என்ற பெயரில் பொது முறை இருப்பதைக் கண்டுகொண்டு ஸ்ப்ரிங்கே அழைத்துவிடும். டாம்கேட்டின் ரிசோர்ஸ் வரையறையில் பூலை வைத்திருந்தால் க்ளோஸ்மெத்தட் என்ற பண்பைக் கொடுத்துவிடலாம். மூடாவிட்டால் நினைவகம் மட்டுமல்ல, தரவுத்தளத்தின் பக்கத்திலும் கனெக்ஷன்கள் திறந்தபடி நிற்கும். சில ரீலோடுகளில் தரவுத்தளம் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையே தீர்ந்து, கசிவுக்குச் சம்பந்தமில்லாத மற்றவர்களும் உள்ளே நுழைய முடியாமல் போகும்.

மற்றவை சிறியவை, ஆனால் குணம் ஒன்றுதான். ஜேவிஎம் முடியும்போது ஓடுவதற்காக ரன்டைமில் சேர்க்கப்படும் ஷட்டௌன் ஹூக், ஜேவிஎம் முடியும்வரை பிடியை விடாது. வலைச்செயலிக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. பொது எம்பீன்சர்வரில் பதிந்த எம்பீன்களை, அதாவது கண்காணிப்புக்கான ஆப்ஜெக்டுகளை, நீக்க வேண்டும். விண்டோஸில் யுஆர்எல்கனெக்ஷனின் கேஷ் ஜார் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால், பழைய செயலியின் அடைவை நீக்க முடியாமல் போவதும் உண்டு.

தேடும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில், கசிவுகளைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நிறுத்தப்பட்ட பின்னும் நினைவகத்தில் நிற்கும் செயலிகளின் பெயர்களை அது காட்டும். அது முழுமையான குப்பை சேகரிப்பைத் தூண்டுவதால் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் அழுத்தத் தயங்க வேண்டும். பெயர் தெரிந்த பிறகு ஜேமேப் கருவியால் ஹீப் டம்ப் எடுத்து, எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, பேரலல்வெப்ஆப்கிளாஸ்லோடர் என்ற கிளாஸின் ஆப்ஜெக்டுகளைப் பட்டியலிடுவேன். ஒவ்வொன்றிலும் ஸ்டேட் என்ற புலம் இருக்கிறது. ஓடும் செயலிக்கு அது தொடங்கப்பட்ட நிலையையும், பழையதற்கு முடிந்த நிலையையும் காட்டும். பழையதைத் தேர்ந்தெடுத்து, பலமற்ற வகைகளான வீக், சாஃப்ட், ஃபேண்டம் சுட்டுகளை விலக்கிவிட்டு, வேர்வரை செல்லும் பாதையைக் கேட்டால், பிடித்திருப்பவரின் பெயர் திரையில் வரும். சாஃப்ட் சுட்டுகளை விலக்கக் காரணம், நினைவக நெருக்கடி வந்தால் அவை தானாகவே விட்டுவிடும் என்பது. அவற்றைத் துரத்திக்கொண்டு நான் ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறேன். ஒரு பாதையைச் சரிசெய்ததும் எண்ணிக்கை குறையாவிட்டால் மனம் தளரக் கூடாது, ஏனென்றால் ஒரே கிளாஸ்லோடரை நான்கு பேர் பிடித்திருக்கலாம். கடைசிப் பிடி விடுபடும்வரை வெளியில் எந்த மாற்றமும் தெரியாது.

ஒவ்வொரு செயலியையும் தனிப் பொதியாக ஓட்டும் கன்டெய்னர்களின் காலத்தில், ஒரு ஜேவிஎம்முக்கு ஒரு செயலி, புதிய பதிப்பு வந்தால் ப்ராசஸையே மாற்றிவிடு என்று இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மக்கள் பயன்படுத்தும் சர்வரில் ரீலோடைத் தவிர்ப்பதை நானும் ஆதரிக்கிறேன். டாம்கேட்டின் ரீலோடபிள் பண்பு இயல்பாக அணைந்திருப்பதும் அதனால்தான். ஆயினும், ஒரே சர்வரில் பல செயலிகள் குடியிருக்கும் இடங்கள் இன்னும் ஏராளம். அங்கே ஒன்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. ப்ராசஸையே மாற்றும் இடத்திலும், எக்ஸிகியூட்டரில் பாதியில் நிற்கும் பணிகளை ஒழுங்காக முடிக்கும் தேவை மாறுவதில்லை.

எங்கள் செயலியில் எக்ஸிகியூட்டர், த்ரெட்லோக்கல், டிரைவர், அதன் துப்புரவுத் த்ரெட் ஆகிய நான்கையும் சரிசெய்த பிறகும் ஒரு பழைய பிரதி மட்டும் தங்கியது. பாதை ஓர் அறிக்கை உருவாக்கும் நூலகத்தில் போய் முடிந்தது. அது தன் ஸ்டேட்டிக் தொகுதியில் ஒரு டைமரைத் தொடங்கியிருந்தது, அதை நிறுத்த வெளியில் எந்த முறையும் தரவில்லை. அதன் ஜார் கோப்பை வெப்-இன்ஃப் அடைவிலிருந்து எடுத்து சர்வரின் பொது அடைவில் வைத்து, நம் கிளாஸ்லோடரை மரபுரிமையாகப் பெற்றுவிடாதபடி, செயலிகள் ஏறுவதற்கு முன்பே அந்தக் கிளாஸ் ஏறுமாறு சர்வர் அளவில் ஒரு லிசனரை எழுதினேன். டைமர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அது பிடித்திருப்பது சர்வரையே தவிர எங்கள் செயலியை அல்ல. இருபது முறை ரீலோட் செய்து டம்ப் எடுத்துப் பார்த்தேன், பட்டியலில் ஒரே ஒரு கிளாஸ்லோடர் இருந்தது.